பெரிய வாய்க்காலின் இரு கரைகள்: புதுச்சேரி நகரமும் அதன் சுற்றுலாவும்

சோழமண்டலக் கடற்கரையின் பிற துறைகளைப் போலவே புதுச்சேரிக்கும் கப்பல்கள் அலையிலிருந்து ஒதுங்கி நிற்கத் தக்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் சலங்கு எனப்படும், பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகளில் அலையைக் கடந்து கரையேற வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் ஒரு வணிக நகரம் எழுந்ததற்கான காரணத்தைக் கடலில் தேடுவதைவிட அதன் பின்நிலத்தில் தேடுவதே பொருத்தம்: செஞ்சிச் சீமையின் நெசவூர்களில் தறியிறங்கிய துணியும், அந்தத் துணிக்கு ஐரோப்பாவிலும் கீழைத்தீவுகளிலும் இருந்த கிராக்கியுமே புதுச்சேரியை உண்டாக்கின.

நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1930-களில் கவனித்த தொல்பொருள்களும், 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட ரோமானிய மட்கலங்களும், அங்கே மணி செய்த தொழிலின் எச்சங்களும் இந்தக் கரையின் பழமைக்குச் சான்று. செங்கடல் வணிகத்தைப் பேசும் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் பொதுகே என்ற துறை இதுவே என்பது அறிஞர் பலரின் முடிவு. எனினும் அரிக்கமேட்டையும் இன்றைய நகரத்தையும் ஒரே கதையின் முன்பாதி, பின்பாதி எனக் கோப்பது சுற்றுலாக் கையேடுகளுக்குரிய வசதியே தவிர வரலாறு அன்று. கடற்கரைச் சாலையும் அதற்கு இணையாக ஓடும் தெருக்களும் 17-ஆம் நூற்றாண்டின் துணி வணிகத்துக்காகப் பிறந்தவை.

பீஜப்பூர் சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டு வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி அளித்த இசைவின் பேரில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் இங்கே ஒரு பண்டகசாலையுடன் நிலைகொண்டார். அடுத்த கால் நூற்றாண்டில் சிவாஜியின் படையெடுப்பையும் மராட்டிய ஆட்சியையும் சமாளித்த அந்தச் சிறு குடியிருப்பு, 1693-இல் டச்சுக்காரர் கையில் விழுந்தது. ஐரோப்பாவில் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின் பயனாக 1699-இல் பிரெஞ்சுக்காரரிடம் அது திரும்பி வருவதற்குள், டச்சுக்காரர் நகருக்கு ஒரு திட்டம் வரைந்துவிட்டிருந்தனர். நெசவாளர் உள்ளிட்ட இந்தியக் குடிகளைத் தொழில்வாரியாகக் குடியமர்த்தும் நோக்கில், ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் நேர்த்தெருக்களாக வகுக்கப்பட்ட அத்திட்டத்தின் வரைபடங்கள் டச்சு ஆவணங்களில் உள்ளன. அவற்றை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ழான் தெலோஷ், புதுச்சேரியின் புகழ்பெற்ற நேர்கோட்டு அமைப்புக்கு மூலம் அந்தத் திட்டமே என்று நிறுவினார். பிரெஞ்சு நகரம் என்று இன்று விற்கப்படும் நகரத்தின் எலும்புக்கூடு, ஆறே ஆண்டுகள் இருந்துபோன டச்சுக்காரருடையது என்பதும், அது துரைமார் மாளிகைகளுக்காக அன்றித் தறிக்காரர் வீடுகளுக்காக நினைக்கப்பட்டது என்பதும் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லாத செய்திகள்.

மர்த்தேன் 1706-இன் கடைசி நாளில் இறந்தபோது, ஐந்து கொத்தளங்களைக் கொண்ட லூயி கோட்டை கடலை நோக்கி எழுந்து நின்றது. அதன் வடக்கிலும் தெற்கிலும் ஐரோப்பியர் வீடுகளும், ஒரு நீரோட்டத்துக்கு மேற்கே தமிழர் வீடுகளுமாக நகரம் இரு கூறாக வளர்ந்தது. பின்னர் பெரிய வாய்க்கால் என்று ஊரார் அழைக்கும் கழிவுநீர்க் கால்வாயாக மாறிய அந்த நீரோட்டமே, கிழக்கில் வெள்ளையர் நகரம், மேற்கில் கறுப்பர் நகரம் என்று ஆவணங்கள் கூறும் பிரிவினையின் கோடு. மேற்குப் பகுதியும் ஒரே சீராக இல்லை: வடபகுதியில் இந்துக்கள், நடுவில் சம்பா கோவில் என்று மக்கள் வழங்கும் பேராலயத்தைச் சுற்றிக் கிறித்தவர்கள், தெற்கே காஜியார் தெரு, முல்லா தெரு வட்டாரத்தில் முஸ்லிம்கள் எனச் சமயத்தால் பிரிந்து, அதற்குள்ளும் சாதியால் தெருத்தெருவாகப் பிரிந்து அது அமைந்தது. இந்தப் பகுப்பின் உரசல்களையும் பேரங்களையும் உள்ளிருந்து எழுதி வைத்தவர், துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷாக, அதாவது கம்பெனிக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று பேசி முடிக்கும் தரகராகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய நாட்குறிப்பில் துணி விலையும் கப்பல் வரவும் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றனவோ, அந்த அளவுக்கு 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதன் வேதனையும் இடம்பெறுகிறது.

பிள்ளை கண் மூடிய சில நாள்களிலேயே, 1761 ஜனவரியில், பல மாத முற்றுகைக்குப் பின் நகரம் ஆங்கிலத் தளபதி எயர் கூட்டிடம் சரணடைந்தது. கடலூருக்கு அருகிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-இல் தகர்த்ததற்குப் பழிவாங்கும் விதமாகக் கோட்டை, ஆளுநர் மாளிகை, மதில், ஐரோப்பியர் வீடுகள் அனைத்தும் வெடிமருந்து வைத்தும் கடப்பாரை கொண்டும் தரைமட்டமாக்கப்பட்டன. பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊரைத் திரும்பப் பெற 1765-இல் வந்த ஆளுநர் ழான் லோ தெ லோரிஸ்தோன் கண்டது இடிபாட்டுக் குவியலைத்தான். அவரும் அவருடைய பொறியாளர்களும் புதிய திட்டம் எதையும் தேடாமல், பழைய தெருக்களின் கோட்டிலேயே, பழைய அடித்தளங்களின் மீதே நகரத்தை மீண்டும் கட்டினர். ஆகவே இன்று காணப்படும் கட்டடங்களில் 1761-க்கு முற்பட்டவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுவது பெரிய மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. அதன் கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றித் தமிழ் வீட்டுக்குரிய மரத்தூண்களும், மேல்தளத்தில் சுண்ணாம்பு பூசிய ஐரோப்பியப் பாணிச் செங்கல் தூண்களும் நிற்கின்றன.

இதன்பின் ஆங்கிலேயர் 1778, 1793, 1803 ஆகிய ஆண்டுகளில் நகரைக் கைப்பற்றியதும், 1816-இல் இறுதியாக பிரெஞ்சுக்காரரிடம் அது திரும்பியதும் விரிவாகப் பேசத் தேவையற்றவை. அவற்றின் விளைவு ஒன்றே முக்கியம். கோட்டை கட்டவும் படை வைக்கவும் உரிமை இழந்த புதுச்சேரி, சுற்றிலும் ஆங்கிலேயரின் சுங்கச் சாவடிகள் சூழ்ந்த ஒரு சிறு தீவாகச் சுருங்கிற்று. மதில்கள் நின்றிருந்த முட்டை வடிவக் கோட்டின் மீது அகன்ற சாலைகள் அமைந்தன. வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை என்று இன்று பெயர் பெற்றிருக்கும் அந்த வளையத்தை ஊரார் இன்றும் புல்வார் என்றே சொல்கின்றனர். 1820-களில் ஆளுநராக இருந்த தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் பொது நூலகம், தாவரவியல் பூங்கா, நவீன நூற்பாலை ஆகியவை தோன்றின. 1836-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து குடிநீர் வாய்க்கால் வழியே நகருக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் நினைவாகப் பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் எழுப்பப்பட்டது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை எவ்வளவு மெய் என்று தெரியாவிட்டாலும், ஐரோப்பியப் பேரரசன் ஒருவனின் பெயரால் எழுந்த கட்டடத்துக்கு ஊரார் ஒரு தாசியின் பெயரையே நிலைக்கச் செய்துவிட்டனர்.

வணிகம் முற்றாக அற்றுப்போய்விடவும் இல்லை. அவுரிச் சாயத்தில் தோய்த்த, கினே எனப்பட்ட நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய் அங்கே கோந்துக்கு மாற்றுப் பண்டமாயிற்று. நிலக்கடலை மர்செய் துறைமுகத்தின் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. ரெயூனியோன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டனர். 1860-களில் கடலுக்குள் நீண்ட இரும்புத் தூண் பாலம் ஒன்றும், 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதையும் வந்தன. ஆனாலும் சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்து ரயில் பாதைகள் யாவும் அதனை நோக்கித் திரும்பிய காலத்தில், புதுச்சேரி பெருநகராகும் வாய்ப்பை இழந்தது. மதராஸின் கறுப்பர் நகரத்தில் வணிகம் பெருகப் பெருகப் பழைய வீடுகள் இடிந்து கடைகளும் கிடங்குகளும் எழுந்ததற்கு மாறாக, இங்கே இடித்துக் கட்டப் பணமும் இல்லை, இடித்தே தீர வேண்டிய நெருக்கடியும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் இன்று காசு கொடுத்துத் தேடி வரும் அமைதி, ஒரு வணிகத் தோல்வி விட்டுச்சென்ற மிச்சம்.

அந்த மிச்சத்தின் வடிவத்தைச் சற்று அருகிருந்து பார்ப்பது பயன் தரும். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடு தெருவுக்கு முதுகு காட்டி நிற்கும்: உயர்ந்த மதில், வளைவு வைத்த பெரிய வாயில், உள்ளே நுழைந்ததும் தோட்டம், அதற்கு அப்பால் தூண் வரிசையுடைய தாழ்வாரம், உயரமான கூரை, சாய்பலகை வைத்த நெடிய சன்னல்கள். வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீடோ தெருவோடு கலந்து கிடக்கும். மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு தெருப்பக்கமாக இறங்கி வழிப்போக்கருக்கு நிழல் தர, அதன் கீழே ஒதுங்குபவர் அமரத் திண்ணை. திண்ணைகளுக்கு நடுவே செதுக்கு வேலை செய்த கனத்த கதவு. கதவைத் தாண்டி நடை. நடை முடிவில் வானம் திறந்த முற்றம். பக்கத்து வீட்டின் சாய்ப்பும் அடுத்த வீட்டின் சாய்ப்பும் இடைவெளியின்றித் தொடர்வதால் தெரு முழுவதும் ஒரே தாழ்வாரமாகத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் வசதி பெற்ற தமிழ் வணிகர்கள் கீழே இந்த அமைப்பை வைத்துக்கொண்டே மேல்மாடியில் வளைவுச் சன்னல்களும் சுவரோடு ஒட்டிய தூண்களும் இரும்புக் கம்பி அழிகளும் கொண்ட பிரெஞ்சு முகப்பை ஏற்றினர். கிளிஞ்சல் சுண்ணாம்பை மணலோடு அரைத்து மெருகேற்றிய பூச்சும், மர உத்திரங்களின் மீது செங்கல்லைக் குறுக்காக அடுக்கிப் போட்ட மெட்ராஸ் தளமும் இரு கரைகளுக்கும் பொது. கட்டிய கொத்தனார்களும் தச்சர்களும் இரு கரைகளுக்கும் பொது. பிரெஞ்சுக் கட்டடக்கலை என்று வியக்கப்படுவதில் உள்ளூர்க் கைவினைஞரின் பங்கு பாதிக்குக் குறையாது.

நகரத்துக்கு வெளியூரார் வந்து தங்கும் வழக்கம் அரசியல் புகலிடமாக அது விளங்கியபோது தொடங்கியது எனலாம். 1908-இல் பாரதியாரும் 1910-இல் அரவிந்தரும் ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பி இங்கு வந்தனர். பாரதியார் 1918-இல் வெளியேற, அரவிந்தர் இறுதிவரை தங்கிவிட்டார். 1926-இல் முறையாக உருவான அவருடைய ஆசிரமம், நாளடைவில் வெள்ளையர் நகரத்தில் ஏராளமான வீடுகளை வாங்கியது. சாம்பலும் வெள்ளையும் பூசிய அந்த வீடுகள் துண்டாடப்படாமல், அடுக்குமாடிகளாக மாறாமல் நின்றதற்கு ஒரே உரிமையாளரின் கையில் அவை இருந்தது முதன்மையான காரணம். அதே ஆசிரமம் 1930-களின் நடுவில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டத் தொடங்கிய கோல்கொண்ட என்னும் விடுதி, பழைய தெருவின் நடுவே எழுந்த நவீனக் கான்கிரீட் கட்டடமாயினும், தெருவின் மட்டத்தையும் அமைதியையும் கெடுக்காதது. பழமையைப் பேணுவது என்றால் பழைய முகப்பை நகலெடுப்பது என்று எண்ணுவோருக்கு அது நல்ல விடை. ஆசிரமத்தை நாடி வந்த அன்பர்களும், 1968 பிப்ரவரி 28 அன்று நகருக்கு வடக்கே செம்மண் மேட்டில் தொடங்கிய ஆரோவில்லை நாடி வந்த வெளிநாட்டினருமே புதுச்சேரியின் முதல் தலைமுறைப் பயணிகள்.

இதே காலத்தில் புல்வாருக்கு வெளியே வேறொரு நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. முதலியார்பேட்டையைச் சுற்றிய பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உழைத்தனர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்ததும், அதன் தொடர்ச்சியாக எட்டு மணி நேர வேலை சட்டமாகியதும் அந்த நகரத்தின் வரலாறு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிந்தபின், தனி நிர்வாகம் பெற்ற ஊருக்கு மைய அரசின் பணமும் அலுவலகங்களும் மருத்துவக் கல்லூரியும், 1985-இல் பல்கலைக்கழகமும் வந்தன. வரிச் சலுகையை நம்பித் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பழைய நகரை உள்ளடக்கிய புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.44 லட்சம் பேரும், முன்பு ஊர்ப்புறமாக இருந்த உழவர்கரை நகராட்சியில் சுமார் 3 லட்சம் பேரும் வாழ்ந்தனர். அதாவது, மகள் தாயைவிடப் பெரியவளாகிவிட்டாள். ஆனால் விருந்தாளி பார்க்க வருவது தாயைத்தான்.

மற்றொரு வகைப் பயணிகளைப் பற்றி ஆய்வு நூல்கள் அதிகம் பேசுவதில்லை. மதராஸ் மாகாணம் முழுவதிலும் 1948-இல் மதுவிலக்கு வந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அது இல்லை. இணைப்புக்குப் பின்னும் இல்லை. எல்லையில் வரி குறைந்த சாராயத்தையும் சீமைச் சரக்கையும் தேடி வந்த கூட்டம், தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறந்த பிறகும் விலை வேறுபாட்டின் காரணமாகத் தொடர்ந்து வந்தது. சென்னையிலிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டு 2002 வாக்கில் சுங்கச்சாலையானபோது, மூன்று மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய வாரக்கடைசி ஊராகப் புதுச்சேரி மாறியதற்குப் பண்பாட்டு ஆர்வம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

நகரத்தின் வரலாற்றில் சுற்றுலாவுக்கும் வளர்ச்சிக்கும் இடையே நடந்த மிகக் கசப்பான மோதல், கட்டடத்தில் நிகழாமல் மணலில் நிகழ்ந்தது. 1952-இன் புயலில் பழைய இரும்புப் பாலம் சரிந்துவிட, அதற்குப் பதிலாகத் தெற்கே இன்னொரு பாலம் கட்டப்பட்டது; அதுவும் போதாதென்று 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், கடலுக்குள் நீளும் இரண்டு அலைதடுப்புக் கற்சுவர்களோடு ஒரு துறைமுகம் அமைக்கப்பட்டது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவத்தின் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவத்தின் சில மாதங்களில் அது எதிர்த்திசையில் திரும்பினாலும், நிகரமாக மணல் நகர்வது வடக்கு நோக்கியே. கற்சுவர் அந்த மணலாற்றை இடைமறித்தது. சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே நகரத்தின் முன்னிருந்த கரை, புதுமணல் வரத்து இன்றி ஆண்டுக்காண்டு அரிக்கப்பட்டது. தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்கே கடத்தும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் நடைமுறையில் முறையாக இயங்கவில்லை.

கடற்கரைச் சாலையைக் காக்கப் பெரும் பாறைகள் கொட்டப்பட்டன. ஒருகாலத்தில் கூர் ஷப்ரோல் என்ற பெயரோடு துரைமாரும் சொல்தா எனப்பட்ட பிரெஞ்சுப் படைத் தமிழர்களும் உலாவிய சாலையில், செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலைக்கு முன்னால் மணல் மறைந்து, கருங்கல் குவியலில் அலை மோதுவதே கடற்கரை என்றாயிற்று. மணலில்லாக் கடற்கரையின் பெயரால் ஒரு நகரம் சுற்றுலா விளம்பரம் செய்யும் விந்தையை ஒரு தலைமுறை பயணிகள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர். பாறை போட்ட இடத்தின் வடக்கு முனையில் அரிப்பு இன்னும் மும்முரமாகும் என்பதால், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று பாறையும் வடக்கு நோக்கி நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவர் குப்பங்களையும் தொட்டது. கட்டுமரத்தை இழுத்து நிறுத்தவும் வலையை உலர்த்தவும் கரை வலை இழுக்கவும் மணல் வேண்டியிருந்த மீனவருக்கு, பயணியின் கண்ணுக்கு நேர்ந்த இழப்பைவிடப் பன்மடங்கு பெரிய இழப்பு அது. மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு வந்திறங்கும் வைத்திக்குப்பம் கரையும் இதே அரிப்புக்கு உள்ளானதே. இவ்வளவுக்கும் காரணமான துறைமுகம் எதிர்பார்க்கப்பட்ட சரக்குப் போக்குவரத்தை ஈர்க்கவில்லை. 2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை இறக்கி அலையின் வேகத்தைத் தணித்த பிறகு, அதன் பின்னே ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

கட்டடங்களின் கதை இதற்கு நேர்மாறான போக்கில் சென்றது. அங்கே அரித்தது பணம். 1980-களிலிருந்து மேற்கே, நேரு வீதியும் அண்ணா சாலையும் வணிக வீதிகளாகப் பெருக்கம் அடைந்தன. ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள் பாகம் கோரிய இடங்களில், முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்தது, அல்லது வீடே விற்பனைக்கு வந்தது; தெருப்பக்கத் தாழ்வாரம் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டது; திண்ணை இடிந்து இரும்பு ஷட்டர் வைத்த கடையாயிற்று. தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையான இன்டாக் 1984 முதல் இங்கு பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அதில் இடம்பெற்றன. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் மறைந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை வாய்க்காலுக்கு மேற்கே இருந்தவை. கிழக்கே அரசு அலுவலகங்கள், பிரெஞ்சுத் துணைத் தூதரகம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள், ஆசிரமம் ஆகியவற்றின் கையில் பெரும்பான்மை வீடுகள் இருந்ததால் அவை தப்பின. பாதுகாப்புக்கு அழகைவிட உரிமையாளரின் தன்மையே முதற்காரணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நகரம் தமிழகத்தின் அருகே வேறில்லை.

இந்தச் சரிவுக்கு எதிராக நடந்த முயற்சிகளில் குறிப்பிடத் தக்கது வைசியாள் வீதியில் நிகழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசிய நகரத் திட்டத்தின் கீழ், இத்தாலியின் ஊர்பினோ, பிரான்சின் வில்நேவ் சூர் லோ ஆகிய நகரங்களைக் கூட்டாளிகளாகக் கொண்டு 2002 முதல் 2004 வரை அந்த வீதியின் வீட்டு முகப்புகள், உரிமையாளரின் பங்களிப்போடு பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டன. அகற்றப்பட்டிருந்த சாய்ப்புகள் மீண்டும் மரக்கால் ஊன்றி எழ, ஓட்டுத் தாழ்வாரம் தெருவின் நீளத்துக்கு மறுபடியும் ஓடியது. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதை அது 2008-இல் பெற்றது. ஆயினும் ஒரு வீதி மீண்ட காலத்துக்குள் பல வீதிகள் உருமாறிவிட்டன என்பதே நடந்தது. திட்டம் முடிந்ததும் அதே வேகத்தில் அடுத்த வீதியை எடுத்துக்கொள்ள நிதியும் இல்லை, கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை.

சட்டத்தின் பிடி தளர்ந்திருந்தது என்பதற்கு அரசின் சொந்தக் கட்டடமே சாட்சியாயிற்று. கடற்கரைச் சாலையில் 1870-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, நகராட்சி அலுவலகமாகவும் ஊராரின் பிறப்பு, திருமணப் பதிவுகளின் இருப்பிடமாகவும் விளங்கிய மேரி கட்டடம், பழுது பார்ப்பது பற்றிய பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டிருந்தபோதே, 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனுதவியில் அதே இடத்தில், அதே முகப்போடு புதிதாகக் கட்டப்பட்டு 2021-இல் அது திறக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் நகல் குறைசொல்ல முடியாதது. ஆனால் சுண்ணாம்பு அரைத்துப் பூசவும் மெட்ராஸ் தளம் போடவும் தெரிந்த கைகளுக்கு இழந்த கட்டடம் முப்பதாண்டுகள் முன்னரே வேலை தந்திருந்தால், நகலுக்கு அவசியமே எழுந்திராது.

2012-இல் வெளிவந்த ‘லைஃப் ஆஃப் பை’ திரைப்படமும் கைப்பேசிப் படங்களும் மஞ்சள் சுவரையும் காகிதப்பூக் கொடியையும் நாடெங்கும் கொண்டு சென்றபின், வெள்ளையர் நகரத்தில் குடியிருப்பு வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. அங்கே இடம் தீர்ந்ததும் பயணம் வாய்க்காலைக் கடந்தது. மேற்கே எஞ்சியிருந்த முற்றம் வைத்த வீடுகளுக்கு, இடித்துக் கட்டும் மனை மதிப்பைவிட விடுதியாக்கும் மதிப்பு கூடியதும், தாழ்வாரமும் திண்ணையும் விலை பெற்றன. முன்பு அவற்றைப் பழஞ்சுமை என்று இடித்தவர்களின் அண்டை வீட்டார் இன்று அவற்றைப் புதிதாகப் பதிக்கின்றனர். சுற்றுலா இப்படிச் சில வீடுகளைக் காப்பாற்றியது மறுக்க முடியாதது. அதே சமயம், முதலியார்பேட்டையில் 1898-இல் தொடங்கிப் பல்லாயிரம் குடும்பங்களைத் தாங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை, 2011-இன் கடைசி நாள்களில் அடித்த தானே புயலில் சிதைந்து, மீண்டெழ முடியாமல் 2020-இல் மூடப்பட்டது. துணிக்காகத் தோன்றிய நகரத்தில் பெரிய அளவிலான துணித் தொழில் அத்துடன் முடிவுக்கு வந்தது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகள் இப்போது வேலை தேடும் விடுதிகளில் சனி, ஞாயிறுகளில் அறை கிடைப்பதில்லை. வார நாள்களில் ஆள் தேவைப்படுவதில்லை.